காவல்வரி இல்லாத ஊர்

புதுப்பொருநையில் காலை மணி அடித்ததும் வீட்டுக்கு ஓர் ஆள் வாசலுக்கு வந்து, கதவோரம் பதித்திருக்கும் பலகையில் விரலால் எண் எழுத வேண்டும். வீட்டில் எத்தனை மூக்கோ அத்தனை. எழுதின கையோடு சுவரில் இருக்கும் காற்றுவாய் ஒரு தரம் செருமிவிட்டு, அத்தனை மூக்குக்கும் அன்றைக்கு வேண்டிய காற்றைத் தள்ள ஆரம்பிக்கும். நிலவின் தென்முனையில், தரைக்கு அடியில், நாலாயிரம் பேர் இப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். வீடுகளின் திறந்த கதவு வழியே வழிகிற காற்றில் தெருவும் பிழைத்துக் கிடந்தது.

எழுதினதைப் படிப்பது எண்ணாக்கி. ஊர் மொத்தத்துக்கும் ஒன்றே ஒன்று. வாசற்பலகை, சமையற்கூடத்துப் பலகை, சுரங்கத்துப் பலகை எல்லாம் அதற்குள்தான் போய் விழும். அதற்கு முன்னால் காற்று பிரிக்க ஆட்கள் இருந்தார்கள். மச்சானுக்கு ஒரு பங்கு கூட, ஆகாதவனுக்கு ஒரு பங்கு குறைய என்று பிரித்துப் பிரித்துக் கடைசியில் மண்டை உடைந்தது. அதற்குப் பிறகு மனிதக் கையே இதில் படக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். பலகையில் எழுதுவதோடு மனிதன் சோலி முடிந்தது. இயந்திரம் அதை எண்ணாக்கி, இருக்கிற காற்றை அந்த எண்களின் விகிதத்தில் பங்கு போடும். நடுவில் யாரும் எதையும் திருத்த முடியாது.

எண்ணை எதற்கு எண்ணாக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பலகையில் எழுதுகிற 3 என்பது மூன்று இல்லை, மூன்றின் படம். இட்லிப் படத்தைத் தின்று பசியாற முடியுமா? இயந்திரத்துக்குள் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அடையாள எண் உண்டு. 3 என்ற படத்துக்கு அது 51. சுழியத்தின் படத்துக்கு 48. முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் மூன்று கிடைக்கும்; நிஜ மூன்று, கூட்டலாம், பெருக்கலாம், அதற்குக் காற்று கொடுக்கலாம். அடுத்து இன்னோர் இலக்கம் இருந்தால், கையில் இருப்பதைப் பத்தால் பெருக்கி அதையும் சேர்த்துக்கொள்ளும். இலக்கம் அல்லாத ஏதாவது குறுக்கே வந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நிற்கச் சொல்லும் அந்த ஒரு வரிக்குக் காவல்வரி என்று பெயர். அது வரை சேர்த்தது எதுவோ அதுதான் விடை. ஒன்றுமே சேரவில்லை என்றால் விடை சுழியம்.

இது புரியாமல் முதல் வருஷம் ஊர் பட்ட பாடு கொஞ்சமில்லை. 'மொத்தம் 5' என்று எழுதின ஒரு வீட்டார் ஐந்து பேரும் மீன் மாதிரி வாயைத் திறந்துகொண்டு தெருவில் வந்து விழுந்தார்கள். அதற்குப் பிறகு பலகையில் எண்ணைத் தவிர ஒரு புள்ளிகூட வைக்காத ஊராக அது ஆகிப்போனது. பழக்கம் பேச்சிலும் தொற்றிக்கொண்டது. விருந்துக்குப் போனால், "நாலு. நல்லா இருக்கியளா?" என்றுதான் வாசலில் நிற்பார்கள். காதலைச் சொன்ன ஒருவன்கூட, "ரெண்டு" என்று ஆரம்பித்துவிட்டு அப்புறம்தான் அழுதான்.

செல்லக்கனி மீட்பு நிலையத்தின் பொறுப்பாளர். அவள் புருஷன் தளவாய், பனிச்சுரங்கத்தில் துரப்பணக் குழுவுக்குத் தலைவன். ஒரு நாள் மதியம் ஏழாம் குகையின் கூரை சரிந்தபோது உள்ளே இருந்தது அவனும் அவன் ஆட்கள் ஐந்து பேரும்.

சரிவுக்கு அந்தப் பக்கம் ஓர் அடைக்கல அறை உண்டு. அதில் ஒரு பலகை. அதில் எழுதினால் பாறைத்தந்தி வழியாக இந்தப் பக்கம் வந்து சேரும். குரல் வராது, பாறை அவ்வளவு தடிமன். இங்கிருந்து அங்கே ஒன்றும் சொல்லவும் முடியாது. உயிரோடு எத்தனை பேர் என்று எழுதினால் அத்தனை பேருக்குக் காற்றும், பத்துப் பேருக்கு ஒரு துளைவண்டி என்ற கணக்கில் மீட்பும் போகும்.

திரையில் வந்தது: ஏழாம் குகை, 0.

செல்லக்கனி நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். கிட்டே போய்ப் பார்த்தாலும் அது சுழியமாகவே இருந்தது. அடுத்த மணிக்கு இன்னொன்று வந்தது. அதுவும் 0.

மேற்பார்வையாளர் சிதம்பரதாணு தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். துக்க வீட்டுக்குப் போகிற முகத்தை அவர் வழியிலேயே தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தார்.

"மனசைத் தேத்திக்கிடணும் செல்லக்கனி. மூணாந்தரமும் இப்படியே வந்தா இயந்திரம் குகையை முத்திரை போட்டு, குழாயையும் அடைச்சிரும். சட்டம் அது."

"சார், ஒண்ணு கேக்கேன். செத்தவன் எந்திச்சு வந்து, 'இங்க ஒருத்தரும் இல்ல'ன்னு பலகையில எழுதிட்டா திரும்பப் போய்ப் படுப்பான்?"

"எழுதணும்னு இல்லையேம்மா. யாரும் தொடாட்டாலும் மணிக்கு ஒரு தரம் பலகை தானா அனுப்பும். வெறும் பலகைன்னா சுழியம்."

"எழுதியிருந்து, நம்ம இயந்திரத்துக்குப் படிக்கத் தெரியலன்னா?"

"அதுக்கும் சுழியந்தான்."

"சரி, ஒருத்தன் நெசமாவே சுழியம்னு எழுதியிருந்தா?"

"அது சொல்லவே வேண்டாம். சுழியந்தான்."

"அப்ப யாரும் இல்ல, ஒண்ணும் எழுதல, எழுதினது வெளங்கல, மூணுக்கும் ஒரே பதிலா? என்ன எழுதியிருக்குன்னு அந்த எழுத்தை எடுத்துக் காட்டுங்க சார், நான் பாத்துக்கிடுதேன்."

"எண்ணாக்கினதும் எழுத்தைத் தூக்கிப் போட்டிரும். நாலாயிரம் பேர் கிறுக்கலைக் கட்டிக்கிட்டு என்ன செய்ய?"

அவள் அதற்கு மேல் நிற்கவில்லை. மூன்றாவது மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. சவரக்கடையில் பாதி முகம் மழித்து, பாதி முகம் நுரையோடு உட்கார்ந்திருந்த ஆவுடையப்பனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி வந்தாள். எண்ணாக்கியின் நிரலை எழுதினவர் அவர்தான். ஒரு மத்தியானம் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவே எழுதி முடித்தேன் என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டவர்.

"விளங்கலன்னா எதுக்கு அண்ணாச்சி சுழியம் போட்டிய?"

"ஏதாவது ஒரு எண்ணைத் திருப்பி அனுப்பித்தானே தாயி ஆகணும். ஏழுன்னு போட்டா ஏன் ஏழுன்னு கேப்பான். சுழியம்னு போட்டா யாரும் கேக்க மாட்டான். இத்தனை வருஷமா யாரு கேட்டா?" நுரையை வழித்துச் சட்டையில் தேய்த்துக்கொண்டார். "எவ்வளவு நேரம் இருக்கு?"

"நேரம் இல்ல. உள்ள என் வீட்டுக்காரரு இருக்காரு. ஏதாவது கிறுக்கியிருந்தாலும் எனக்குத் தெரியணும். ஒரு கீறல் போதும்."

ஆவுடையப்பன் யோசித்தார். மழித்த பாதியில் கவலை தெரிந்தது. நுரை இருந்த பாதியில் ஒன்றும் தெரியவில்லை.

"காவல்வரியை எடுத்திரலாம்," என்றார். "நிக்கச் சொல்ல ஆள் இல்லன்னா அது எந்த எழுத்து வந்தாலும் கழிக்கும், பெருக்கும், சேக்கும். வெறும் பலகைன்னா அப்பவும் சுழியம் வரும். என்னமாச்சும் எழுதியிருந்தா பூதம் மாதிரி ஒரு எண்ணு வரும். வந்தா ஆள் இருக்கு. வராட்டா..."

"எடுங்க."

"ஓய், ஓய்!" சிதம்பரதாணு தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். "ஊருக்கு மொத்தமும் அந்த ஒரு எண்ணாக்கி. அதுல கை வைக்கப்படாது. தீர்மானம் இருக்கு."

"காத்தைப் பிரிக்கதுல கை வைக்கப்படாதுன்னுதான்வே தீர்மானம். நிரலைப் பத்தி அதுல ஒரு வார்த்தை கிடையாது. எழுதிக் குடுத்தவனே நான்தான்," என்று சொல்லிவிட்டு ஆவுடையப்பன் ஒரு வரியைத் துடைத்தார். துடைத்த வரி இருந்த இடம் பார்ப்பதற்கு முன்னைவிட அழகாகத்தான் இருந்தது.

மணி அடித்தது. செல்லக்கனி திரையைப் பார்க்கவில்லை, ஆவுடையப்பனின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் முதலில் விரிந்தது, பிறகு சுருங்கியது.

ஏழாம் குகை, 29056.

"இருக்காங்க," என்றாள். "அண்ணாச்சி, இருக்காங்க!"

"கடைசி இலக்கம் ஆறு. ஆறு பேரும் இருக்காவ. அதுக்கு முன்னால என்னத்தையோ போட்டிருக்கான்." ஆவுடையப்பன் காற்றில் விரலால் எழுதிக் கணக்குப் போட்டார். "ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அஞ்சு. கழிச்ச நாப்பத்தெட்டைத் திரும்பக் கூட்டு. ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்து மூணு. அது எந்த எழுத்துன்னா..." நிறுத்தினார். "உ."

"பிள்ளையார் சுழியாவே?" என்றார் சிதம்பரதாணு.

செல்லக்கனி தலையில் அடித்துக்கொண்டாள். வாசற்பலகையில் தினமும் எழுதுவது அவள். சுரங்கப் பலகையில் எழுதுவது உதவியாளன். தளவாய் பலகையையே தொட்டவன் இல்லை. துரப்பணக்காரன், பாறையில் முதல் துளை போடுமுன் அந்தப் பாறை மேல் சாக்கட்டியால் சுழி போடாமல் பொத்தானை அழுத்தாதவன். கூரை இடிந்து விழுந்து, உயிர் கையில் இருக்கிற நேரத்தில், முதல் முறையாகப் பலகை முன்னால் போய் நின்றிருக்கிறான். சும்மா எழுதுவானா?

அழுகையும் சிரிப்புமாக அவள் நிற்கும்போதுதான் நிலையத்தின் காற்றுவாய் விக்கியது. விக்கி, மெலிந்து, ஊதுபத்திப் புகை அளவுக்கு வந்து நின்றது.

எண்ணாக்கி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. ஊரில் நாலாயிரம் பேர். குகையில் இருபத்தொன்பதாயிரத்து ஐம்பத்தாறு பேர். ஆக ஊர்க் காற்றில் எட்டில் ஏழு பங்கு குகைக்குப் போகத் தொடங்கியது.

"வரியைத் திரும்பப் போடும்வே!" சிதம்பரதாணு கத்தினார். கத்தியதில் அவர் பங்கில் பாதி செலவாகிவிட்டது.

"போட்டா சுழியம். சுழியம்னா முத்திரை." செல்லக்கனி விசைப்பலகைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். "ஆறுங்கிற எண்ணு இந்த இயந்திரத்துக்குள்ள இல்ல சார். சுழியம் இருக்கு, இருபத்தொன்பதாயிரம் இருக்கு. ரெண்டுல ஒண்ணுதான். ஊரு கொஞ்ச நேரம் மூச்சைப் பிடிச்சிக்கிடட்டும்."

"அம்மா, நாலாயிரம் பேரும்மா..."

"எனக்குத் தெரியும். அவங்களுக்கு இங்க கதவு இருக்கு, தெரு இருக்கு. என் ஆளுக்கு என்ன இருக்கு?"

சிதம்பரதாணு அவளைக் கைது செய்ய உத்தரவிட வாயெடுத்தார். "உடனே இவளை..." என்பது வரை வந்தது. மீதி உத்தரவுக்குக் காற்று இல்லை. அப்படியே சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டார். ஆவுடையப்பன் தரையில் படுத்துக்கொண்டார். படுத்தால் செலவு குறைவாம். ஊரெங்கும் சனம் நின்ற இடத்தில் உட்கார்ந்தது, சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட மீதியை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று சைகை காட்டிவிட்டுப் படுத்தார்கள். செல்லக்கனி மட்டும் விசைப்பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். உதடு நீலமாகி, காதுக்குள் சங்கு ஊதி, கண் முன்னால் பூச்சி பறந்தது. வாசலில் ஓர் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து, பேச மாட்டாமல் பிள்ளையின் முகத்தை மட்டும் காட்டினாள். செல்லக்கனி அந்த முகத்தைப் பார்த்தாள். விசைப்பலகையை விடவில்லை.

அவளைக் காப்பாற்றியதும் அந்தப் பூத எண்தான். ஆறு என்று சரியாகப் படித்திருந்தால் ஒரு துளைவண்டி போயிருக்கும், அதுவும் ஓட்டுநர் சாப்பிட்டுக் கை கழுவின பிறகு. இருபத்தொன்பதாயிரம் பேருக்கு ஊரிலிருந்த மூன்று வண்டியும் தாமாகவே கிளம்பி ஓடின. குகைக்குள் போன காற்றின் அழுத்தத்தில் இடிந்த கூரை எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி உப்பி மேலே போய் நின்றுகொண்டது என்று மீட்கப்போனவர்கள் சொன்னார்கள். வண்டி கடைசித் துளையைப் போட்டதும், ஆறு பேரும் பட்டாணியை ஊதித் தள்ளினது போல ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்து விழுந்தார்களாம். தளவாய் நாலாவது.

ஊரில் யாரும் சாகவில்லை. அதனால்தான் வினை.

மறுநாள் சபை கூடியது. ஆவுடையப்பன் முழு முகமும் மழித்துக்கொண்டு வந்து நிதானமாகச் சொன்னார்: "காவல்வரியைத் திரும்பப் போட்டிருவோம். ஆனா படிக்க முடியலன்னா சுழியம்னு சொல்லாம, 'படிக்க முடியல'ன்னு தனியாச் சொல்ல வைக்கேன். தெரியலங்கது வேற, இல்லங்கது வேற. அரை நாள் வேலை."

அவர் சொன்னது சரி. ஆனால் சொன்னது அவராயிற்றே. ஆறு பேரைக் கொல்லப் பார்த்த வரியை எழுதினவனே இவன்தானே என்று ஊர் பொங்கியது. செல்லக்கனி எழுந்தாள். நெஞ்சுக்கூடு இன்னும் வலித்துக்கொண்டிருந்தது.

"அந்த வரி எம் புருஷன் எழுதினதைப் படிக்காமத் தூக்கிப் போட்ட வரி. அது என்ன மாறுவேஷத்துல வந்தாலும் எனக்கு வேண்டாம். இந்த ஊர்ல இனிமே ஒரு மனுஷன் எழுதின ஒரு எழுத்தையும் ஒதுக்கப்படாது. எல்லாத்தையும் படிக்கட்டும்."

கைதட்டல் வெகு நேரம் ஓயவில்லை. காவல்வரி வேண்டாம் என்று தீர்மானமாயிற்று. அதை இனி மாற்றுவதென்றால் ஊர் மொத்தமும் பலகையில் வாக்குப் போட வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்த காலை மணிக்குத் தளவாய் வாசலுக்கு வந்தான். குகைத் தூசி அவன் மார்புக்குள் உட்கார்ந்துவிட்டிருந்தது. பேசினால் இருமல் வந்தது.

"இன்னைக்கு நான் எழுதுதேன் ஏட்டி. பொழச்சு வந்தவன் எழுதுனா நல்லதுதான?"

சுழி போட்டான். 2 போட்டான். காற்றுவாய் பெருங்குரலெடுத்து ஊதிற்று. திரைச்சீலை கூரைக்குப் பறந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் திறந்த வாயோடு நின்றார்கள். தளவாயின் இருமல் சட்டென்று நின்றுவிட்டது. அந்த ஒரு காரணத்துக்காகச் செல்லக்கனி அதைத் துடைக்கவில்லை. கதவை மட்டும் அகலத் திறந்து வைத்தாள்; வழிந்த காற்றில் ஊர் அன்றைக்கு ஒருவழியாகப் பிழைத்துக் கிடந்தது.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பகவதியக்கா மூச்சு வாங்க வந்து நின்றாள். எட்டுப் பேர் இருக்கிற வீடு.

"ஏம்மா, காலையில என்ன எழுதுனிய?"

"ரெண்டுதான் அக்கா."

"அது ஆளு எத்தனைன்னு. நான் கேக்கது என்ன எழுதுனியன்னு."

செல்லக்கனிக்குப் பொய் சொல்ல வரவில்லை. மறுநாள் காலை அந்தத் தெரு முழுக்கச் சுழி. அதற்கு மறுநாள் ஊர் முழுக்க. எல்லோரும் போட்டுவிட்டால் ஒருவருக்கும் லாபம் இல்லையே; ஆகவே யாரோ இரண்டு சுழி போட்டார்கள். ஒரு சுழி கூடினால் எண் பத்து மடங்குக்கு மேல் ஏறும். இரண்டு மூன்றாயிற்று, மூன்று நாலாயிற்று. நிலவிலேயே பக்தி மிகுந்த ஊர் அதுதான் என்று அடுத்த குடியிருப்புக்காரர்கள் பாராட்டுச் செய்தி அனுப்பினார்கள்.

ஐந்து சுழியோடு ஏற்றம் நின்றது. நிறுத்தி வைத்தவர் சிதம்பரதாணு. பதவிக்குத் தக்கபடி இருக்கட்டும் என்று அவர் ஆறு சுழி போட்டார். இயந்திரத்தில் எண் வைக்கிற பெட்டி இருநூற்றுப் பதினான்கு கோடிச் சொச்சம் வரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால் குடை கவிழ்ந்த மாதிரி சுழியத்துக்குக் கீழே போய்விடும். மைனஸ் நூற்றாறு கோடிப் பேர் வசிக்கிற வீடு என்று எண்ணாக்கி முடிவு கட்டி, காற்றுவாயைத் திருப்பி உறிஞ்சத் தொடங்கியது. அவருடைய தொப்பி, மேல்துண்டு, பூசை மணி எல்லாம் அதற்குள் போயின. அவர் மட்டும் அகலமானவர் என்பதால் வாயிலேயே சிக்கிக்கொண்டு உயிர் தப்பினார்.

ஆக எல்லா வீட்டிலும் ஐந்து சுழி. இரண்டு பேர் இருந்த செல்லக்கனி வீட்டு எண் முப்பத்திரண்டு கோடியே இருபத்தேழு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்திரண்டு. எட்டுப் பேர் இருந்த பகவதியக்கா வீட்டு எண் அதே முப்பத்திரண்டு கோடியே இருபத்தேழு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தெட்டு. ஆளுக்கு இருந்த மதிப்பு கடைசி இலக்கத்தில் போய் ஒட்டிக்கொண்ட தூசி. கிழவர் ஒருவர் தனியாக இருந்த வீட்டுக்கும் எட்டு உயிர் நெளிந்த வீட்டுக்கும் ஒரே பங்கு.

காவல்வரியைத் திரும்பக் கொண்டுவர வாக்கெடுப்பும் வைத்துப் பார்த்தார்கள். வாக்கை எண்ணுவதும் எண்ணாக்கிதான். பழக்கத்தில் வாக்குக்கு முன்னாலும் எல்லோரும் சுழி போட்டுவிட, கூட்டுத்தொகை பெட்டிக்குள் அடங்காமல் கவிழ்ந்தது. நாலாயிரம் பேர் ஊரில், ஆதரவாக விழுந்த வாக்கு மைனஸ் பதினெட்டுக் கோடி.

"ஊரு எதிர்க்குதுன்னு எடுத்துக்கிடணும்," என்றார் ஆவுடையப்பன். அவர் சிரிக்காமலேதான் இதைச் சொன்னார்.

முதலில் பிரிந்தது பகவதியக்கா வீடு. காற்று பலகைக்குத்தானே, ஆளுக்கு இல்லையே? அவள் புருஷனைச் சாமான் அறைக்குள் வைத்து அதற்குத் தனியாக ஒரு கதவும் பலகையும் போட்டாள். அவனுக்கு ஒரு முழுப் பங்கு வந்தது. அப்புறம் மாமியாருக்கு ஒரு கதவு. மூத்தவனுக்கு, இளையவளுக்கு. தொட்டிலைச் சுற்றி நாலு தகடு அடித்து அதற்கும் ஒரு கதவு வைத்து, பிள்ளையின் விரலைப் பிடித்து ஐந்து சுழி போட வைத்தாள். பிள்ளை முதலில் கற்ற கலை அது. ஊர் முழுக்கக் கதவு அடிக்கிற சத்தம். ஒவ்வொரு கதவு கூடும்போதும் மற்றக் கதவுகளுக்கு வருகிற காற்று கொஞ்சம் மெலியும். மெலிந்ததைச் சரிக்கட்ட அவர்களும் இன்னொரு கதவு அடித்தார்கள். கதவெல்லாம் இறுக்கி அடைத்ததில் தெருவில் காற்றே இல்லாமல் போயிற்று. விருந்தாளி வந்தால், வீட்டுக்காரன் மூச்சைத் திருட வந்திருக்கிறான் என்று அர்த்தம்.

ஆரம்பத்தில் செல்லக்கனிக்கும் தளவாய்க்கும் சௌகரியம்தான். இரண்டே பேருக்கு ஒரு வீட்டுப் பங்கு. ஊரார் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கதவுகள் பெருகப் பெருக அது ஒன்றரை ஆள் பங்காயிற்று, ஒன்றேகால் ஆயிற்று. கடைசியில் புதுப்பொருநையில் ஒரே கதவுக்குப் பின்னால் இரண்டு பேர் இருந்த வீடு இது ஒன்றுதான். ஓர் ஆளுக்கான காற்றை இரண்டு பேர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தளவாய் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மூச்சு உள்ளே போகும்போது கிழிந்த காகிதம் மாதிரி சத்தம் வந்தது. செல்லக்கனி தன் மூச்சை ஒன்று விட்டு ஒன்றாக அடக்கிப் பார்த்தாள். அதைக் கண்டுபிடித்துவிட்டு அவனும் அதையே செய்தான். ஒருவருக்கொருவர் மூச்சு விடாமல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"தகடு வாங்கியாந்திருக்கேன்," என்றாள் அவள் கடைசியில்.

"எதுக்கு?"

"பின்கட்டை அடைக்க. உங்களுக்குத் தனியா ஒரு கதவு, பலகை."

அவன் தகட்டைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "இதுக்கா ஏட்டி என்னைய வெளிய எடுத்த?" என்றான்.

"மூச்சு விடத்தான் எடுத்தேன். வேற எதுக்கு?"

"ஊரே செத்தாலும் பரவால்லன்னு நின்னியாமே. ஆவுடையப்பன் சொல்லுதாரு."

"அந்தாளு அப்ப தரையில கெடந்தாரு. அவருக்கு என்ன தெரியும்?" அவள் திரும்பி நின்றுகொண்டு தகட்டை அளந்தாள். "நீங்க அங்க, நான் இங்க. நடுவுல அரை விரக்கடைத் தகடுதான். குகைப் பாறை எவ்வளவு தடிமன் இருந்துச்சு?"

"பாறைக்கு அந்தப் பக்கம் நீ இருக்கன்னு நெனச்சு அஞ்சு பேரையும் தேத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"இப்பவும் அப்படியே நெனச்சுக்கிடுங்க."

காற்றுப் புகாத தகட்டில் சத்தமும் புகாது. இருவருக்கும் அது தெரியும். ஆகவே சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தலாம் என்று நினைத்தார்கள். ஆனால் பேசினால் மூச்சு செலவாகும். ஒன்றும் பேசாமல் அவன் பின்கட்டுக்குள் போய் உட்கார்ந்தான். அவள் கடைசித் திருகாணியை முடுக்கினாள்.

மறுநாள் காலை மணி அடித்தது. செல்லக்கனி வாசலுக்கு வந்து ஐந்து சுழி போட்டாள். விரல் தன் பாட்டுக்கு 2 போடப் போயிற்று. நிறுத்தி, வளைவைத் துடைத்துவிட்டு, 1 போட்டாள். காற்றுவாய் செருமிவிட்டு மெதுவாக ஊதிற்று. பல நாள் கழித்து நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தாள்.

நாலாயிரம் கதவு, நாலாயிரம் பலகை, ஒவ்வொன்றிலும் ஐந்து சுழியும் ஒரு ஒன்றும். எண்ணாக்கி முப்பத்திரண்டு கோடிச் சொச்சங்களை எல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பங்கைச் சரியாகப் பிரித்து அனுப்பியது. காவல்வரி இருந்த காலத்தில், எல்லோரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு வெறும் எண்ணை எழுதினபோது, ஆளுக்கு எவ்வளவு காற்று வந்ததோ அதே அளவு. இம்மி கூடவும் இல்லை, இம்மி குறையவும் இல்லை.